கைக்கு எட்டாத துவக்கு: கட்டையைக் குறையுங்கள், குழலைத் தொடாதீர்கள்

கேள்வி: கந்தப்பளைக்கு மேலே எங்களுக்கு முக்கால் ஏக்கர் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. கிழங்கும் கரட்டும் போடுகிறோம். இரவில் பன்றி இறங்கிக் கிளறிவிட்டுப் போகிறது. வீட்டுக்காரர் பெயரில் 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. அவர் போன வருடம் தவறிவிட்டார், துவக்கு இப்போது பொலிஸில். என் பெயருக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க விண்ணப்பிக்கப் போகிறேன். நான் 4 அடி 11 அங்குலம், 45 கிலோ. அவர் இருந்த காலத்தில் வெறும் துவக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். கட்டை தோளில் உட்காராமல் புஜத்துக்கு நழுவுகிறது, முன்பக்கம் கீழே தொங்குகிறது. நியூசிலாந்தில் இருக்கும் தங்கச்சி மகன், "பெரியம்மா, அதை விட்டுவிட்டு லேசான ரைபிள் ஒன்று எடுங்கள். என் மனைவியும் உங்கள் உயரம்தான், பொயின்ட் 243 ரைபிளில் மான் சுடுகிறாள்" என்கிறான். எனக்கு எந்த ரைபிள் சரிவரும்?
— வாசகி, கந்தப்பளை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வோம்.

பொயின்ட் 243 உதை குறைந்த ரைபிள். 12 போர் துவக்கில் கனத்த தோட்டா போட்டால் தோளில் விழும் உதையின் மூன்றில் ஒரு பங்குகூட அதில் வராது. அதைவிட முக்கியம், சிறிய உடம்புக்காரர்களுக்கென்று விற்கும் அந்த வகை ரைபிள்களின் பின்கட்டை குட்டையாக இருக்கும். விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை ஏறக்குறைய 32 சென்றிமீற்றர்தான். அவருடைய மனைவிக்கு அது இலகுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நீளம். இதை உங்கள் 12 போரிலும் செய்துகொள்ளலாம்.

ரைபிள் என்ற மற்றப் பாதியை விட்டுவிடுங்கள். பயிர் காக்க நம் இலங்கையில் கொடுப்பது, சன்னம் என்ற சின்ன ஈயக் குண்டுகள் சிதறும் துவக்குக்கான அனுமதி. அதற்கு நியாயமும் இருக்கிறது. மான் வேட்டைக்கான ரைபிளின் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும். சின்னது என்று நினைக்கிற பொயின்ட் 22 குண்டுகூட ஒன்றரைக் கிலோமீற்றரைத் தாண்டும். கந்தப்பளைச் சரிவில் உங்கள் தோட்டத்துக்குக் கீழே லயம், அதற்குக் கீழே ரோட்டு, எதிர்ச் சரிவில் தேயிலைத் தோட்டத்தின் இன்னொரு டிவிஷன். குண்டு தப்பினால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொயின்ட் 22 பன்றிக்குப் போதவும் போதாது. அடிபட்டும் சாகாத பன்றி தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கொழுந்து பறிக்க நிரையில் இறங்குகிற பெண்கள்தான் அதை முதலில் சந்திப்பார்கள்.

ஆகவே 12 போரே இருக்கட்டும். 12ஐவிடக் குழல் சிறுத்த 20 போர் சிறிய உடம்புக்கு நல்லதுதான். ஆனால் தோட்டா கிடைக்கும் இடத்தில் முதலில் விசாரிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். தோட்டா கிடைக்காத துவக்கு உலக்கைக்குச் சமம்.

இனி "லேசான" என்ற சொல்லுக்கு வருவோம். சிறிய உடம்புக்கு லேசான துவக்கு வேண்டும் என்பது கடைக்காரரும் சொல்வார், உறவினரும் சொல்வார். தூக்கி நடக்கும்போது சரி, சுடும்போது பிழை. ஒரே தோட்டாவை 3.1 கிலோ துவக்கில் சுட்டால், 2.5 கிலோ துவக்கில் வரும் உதையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதாவது 600 கிராம் எடை உங்கள் பக்கம் நின்று வேலை செய்கிறது. தோட்டாவில் சன்னத்தின் நிறையை 32 கிராமிலிருந்து 28 கிராமாகக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் உதை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். பழைய ஒற்றைக்குழல்கள் பெரும்பாலும் 2.5 முதல் 3 கிலோ வரை இருக்கும். 2.8க்கு மேல் இருந்தால் சந்தோஷப்படுங்கள். தூக்குகிற சிரமத்துக்குத் தோல் வார் போட்டுக்கொள்ளலாம்.

முன்பக்கம் தொங்கியதற்குக் காரணம் துவக்கின் எடை என்று நினைத்திருப்பீர்கள். கட்டையின் நீளம்தான் காரணம். கட்டை நீளமானால் இடது கை குழலுக்கடியில் போதிய தூரம் முன்னே போகாது. பாரம் முழுக்கக் கைக்கு வெளியே நிற்கும். அதைச் சமாளிக்க இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னே சாய்ப்பீர்கள். அந்த நிலையில் சுட்டால், அதுவும் சரிவில் நின்று சுட்டால், பின்னால் விழுவீர்கள். கட்டை புஜத்துக்கு நழுவியதும் இதனால்தான். அங்கே வைத்துச் சுட்டால் கையில் ஒரு வாரத்துக்கு நீலம் பாய்ந்திருக்கும். அதற்குப் பிறகு விசையைத் தொடும்போதே கண்ணை மூடப் பழகிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தைப் போக்குவது பெரும்பாடு.

சாதாரணக் கட்டையின் நீளம், விசையின் முன்முகத்திலிருந்து கட்டையின் பின்முகத்து நடு வரை, 36 முதல் 37 சென்றிமீற்றர். அது ஐந்தடி ஒன்பது அங்குல ஆணுக்கான அளவு. உங்கள் உயரத்துக்கு 32 முதல் 33 வரை போதும். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் வழக்கம் ஊரெல்லாம் உண்டு. அது கையின் நீளத்தை மட்டும் சொல்லும். கழுத்து, தோள், கன்னம் பற்றி ஒன்றும் சொல்லாது.

துவக்கு கைக்கு வருமுன்னே இதை வீட்டுக்குள் அளந்துவிடலாம். ஒரு மீற்றர் நீளப் பலகை ஒன்றை எடுங்கள். ஒரு முனையிலிருந்து 37 சென்றிமீற்றரில், விசை இருக்க வேண்டிய இடத்தில், ஓர் ஆணி அடியுங்கள். இரவுக் காவலுக்குப் போடுகிற சுவெட்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். இது அவசியம். கந்தப்பளைக் குளிரில் போடும் உடுப்பே ஒரு சென்றிமீற்றருக்கு மேல் தின்றுவிடும். மெல்லிய சட்டையோடு அளந்தவர்கள் மார்கழியில் கட்டை அக்குளில் மாட்டி நிற்பார்கள். பலகையை இடுப்பிலிருந்து தூக்கிக் கன்னத்துக்கும் தோளுக்கும் ஒரே அசைவில் கொண்டுவாருங்கள். உடுப்பில் மாட்டினால் நீளம் கூட. ஒவ்வொரு சென்றிமீற்றராக வெட்டி மறுபடி தூக்குங்கள். மாட்டாமல் வந்து, விரலின் முதல் மூட்டுக்கு முன்னாலுள்ள சதை ஆணியைத் தொட்டு, பெருவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் அதுதான் உங்கள் அளவு. இன்னும் குறைத்தால் சுடும்போது பெருவிரல் மூக்கில் குத்தும். குட்டையாக இருப்பது நல்லது என்று அளவுக்கு மீறிப் போகிறவர்களுக்கு அந்த அடி கிடைக்கும்.

அப்படியே கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளாலும் ஒரு சின்ன ஓட்டை செய்து, இரு கண்களும் திறந்தபடி தூரத்து மரம் ஒன்றை அதற்குள் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுவே உங்கள் ஆளும் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆளுவது அபூர்வமில்லை. அப்படியிருந்தால் சுடும்போது இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது இடது தோளுக்கே பழகுங்கள்.

கட்டை வெட்டும் வேலை. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு, கட்டையை மாற்றப்போவதை அனுமதி தந்த அலுவலகத்தில் சொல்லிவிட்டு, உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள். குழலை ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது. "முன்பாரம் குறையுமே" என்று யோசனை சொல்ல ஆள் வருவார். வெட்டின குழலோடு பிடிபடுகிறவர் நீங்களாக இருப்பீர்கள்.

கணக்கு இப்படி. இப்போதைய நீளம் 36.5, உங்கள் அளவு 33, பின்னால் போடும் றப்பர் பட்டை 2.5 சென்றிமீற்றர் தடிப்பு என்றால், மரத்தில் வெட்ட வேண்டியது 6. பலர் மூன்றரை வெட்டிவிட்டு அதன்மேல் றப்பரைப் போட்டு, துவக்கு இன்னும் நீளமாக இருக்கிறது என்று முழிப்பார்கள். ஒரே தடவையில் ஆறையும் எடுக்க வேண்டாம். முதலில் 5 வெட்டி, றப்பரைத் தற்காலிகமாக ஒட்டி, ஒரு வாரம் தூக்கிப் பழகுங்கள். மிச்சம் ஒன்றைப் பிறகு எடுக்கலாம். வெட்டுமிடத்தைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, நுண்பல் வாளால் அறுத்தால் மரம் பிளந்து வராது. ஒற்றைக்குழல் பலவற்றில் கட்டையின் நடுவே நீளமான துளை இருக்கும். கட்டையை இரும்போடு பிடிக்கும் நீண்ட போல்ட் அதற்குள்தான். றப்பர் பட்டையின் இரண்டு ஆணிகளும் அந்தத் துளைக்கு வெளியே கெட்டி மரத்தில் ஏற வேண்டும். துளைக்குள் ஏறினால் நாலாவது சூட்டில் பட்டை கழன்று தொங்கும்.

வெட்டும் சரிவையும் சொல்லிவிடுங்கள். துவக்கை நிலத்தில் கட்டை முழுவதும் பதிய நிறுத்தி, குழலின் பின்பகுதி சுவரைத் தொடும்படி வைத்தால், குழல் வாய்க்கும் சுவருக்கும் இடையே வழக்கமாக 5 சென்றிமீற்றர் அளவில் இடைவெளி இருக்கும். பெண்களுக்கு 7 வரை இருந்தால் நல்லது. கட்டையின் கீழ்முனை சற்று உள்வாங்கி, மார்பில் குத்தாமல் பதியும். அந்தக் கீழ்முனையை உருட்டிவிடவும் சொல்லுங்கள்.

ஆறு சென்றிமீற்றர் மரம் போனால் துவக்கின் பின்பாரம் குறைந்து முன்பக்கம் இன்னும் தொங்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போல்டை இறுக்கிய பிறகு, துணி சுற்றிய ஈயத்துண்டு 150 முதல் 200 கிராம் வரை அந்தத் துளைக்குள் அசையாமல் இறுக்கி வைத்தால் சமநிலை திரும்பிவிடும். குழல் மடியும் கீலுக்கடியில் ஒரு விரலை வைத்தால் துவக்கு ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும்.

இன்னொன்று. கட்டையின் மேல்விளிம்பு பின்னால் போகப் போகத் தாழும். கட்டை குட்டையானால் உங்கள் கன்னம் முன்னே நகர்ந்து, விளிம்பின் உயரமான பகுதியில் அமரும், கண்ணும் உயரும். கண் உயர்ந்தால் சூடும் உயரும்: 3 மில்லிமீற்றர் உயர்ந்தால் 25 மீற்றரில் ஏறக்குறைய 8 சென்றிமீற்றர் மேலே போகும். கன்னத்தை வைத்துப் பார்க்கும்போது, குறி பார்க்கக் குழல் வாயில் வைத்திருக்கும் முனைமணியும் அதற்குக் கீழே குழலின் மெல்லிய கீற்றும் தெரிய வேண்டும். குழல் ரோட்டுப் போல நீண்டு தெரிந்தால் விளிம்பை இழைக்க வேண்டும். குழலே தெரியாமல் பின்பகுதி இரும்பு மறைத்தால் 3 மில்லிமீற்றர் தோல் ஒட்டி உயர்த்துங்கள். தாழ்ந்த விளிம்போடு சுடுகிறவர் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்குவார். உதைத்தெழும் கட்டை அவர் கன்ன எலும்பில் வந்து அறையும்.

உங்கள் வீட்டுக்காரருடையது வெளிச் சுத்தியல் வைத்த துவக்கு என்றால், ஈரக் கையோடு பெருவிரலால் அதை முழுதாகப் பின்னிழுக்க முடிகிறதா என்று முதலில் வெறும் துவக்கில் பாருங்கள். சின்னக் கைக்கு இதுதான் பெரிய ஆபத்து: பாதியில் நழுவினால் வெடிக்கலாம். ஏற்றிய சுத்தியலைத் தோட்டாவோடு மெதுவாக இறக்க முயல வேண்டாம். குழலை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட்டு இறக்குங்கள். இரண்டு கைகளாலும் இழுக்கும் நிலை வந்தால் அந்தத் துவக்கு உங்களுக்கு வேண்டாம். சுத்தியல் உள்ளே இருக்கும் வகையைத் தேடுங்கள்.

பொலிஸிலிருந்து மீட்கும்போதே இரண்டைப் பாருங்கள். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வட்டமான நிழல் வளையம் தெரியக் கூடாது. தெரிந்தால் அது உப்பல், அதாவது குழல் வீங்கிய இடம், சுடக் கூடாது. அடுத்து, குழலின் அடியில் 2½ (அங்குலம்) அல்லது 65 (மில்லிமீற்றர்) என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். மலையகத்தில் பழைய தோட்டத்துரை காலத்து இங்கிலாந்துத் துவக்குகள் இன்னும் புழங்குகின்றன, அவற்றில் பல 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கானவை. இன்றைய 70 மில்லிமீற்றர் தோட்டா அதற்குள் தாராளமாக நுழையும், ஏனென்றால் அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். நுழைந்துவிட்டதே என்று நம்ப வேண்டாம்.

பழகுவதற்கு 28 கிராம் பறவைச் சன்னத் தோட்டா. பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெருஞ்சன்னத் தோட்டா: ஒன்பது சன்னம், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீற்றர், மொத்தம் ஏறக்குறைய 32 கிராம். அது உதைக்கும், ஆனால் ஓர் இரவில் ஒன்றுக்கு மேல் சுடப்போவதில்லை. சோக் (குழல் வாயின் ஒடுக்கம்) இல்லாத குழலில் சன்னம் ஒரு மீற்றர் தூரத்துக்கு ஏறக்குறைய 3 சென்றிமீற்றர் வீதம் விரியும். 25 மீற்றரில் அந்த ஒன்பதும் 70 சென்றிமீற்றர் வட்டத்துக்குள் சிதறி நிற்கும். 40 மீற்றரில் ஒன்றிரண்டுதான் பன்றியில் படும், அதுவும் வயிற்றில். உங்கள் எல்லை 25 மீற்றர். தோட்டத்தில் அந்தத் தூரத்துக்குக் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். எஸ்.ஜி. சன்னம் தப்பினால் 600 மீற்றருக்கு மேலும் போகும் என்பதால் மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் பன்றியைச் சுடவே கூடாது. பின்னால் மண் இருக்க வேண்டும். இருட்டில் மரையும் வரும், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. டோர்ச் வெளிச்சத்தில் முழு உடம்பும் தெரியாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது.

நின்று சுடுவதைவிட முக்காலியில் உட்கார்ந்து, மணல் நிரப்பிய சாக்கின்மேல் முன்கையை வைத்துச் சுடுங்கள். குழலைச் சாக்கிலோ கம்பியிலோ நேரே வைத்தால் துள்ளும். காவல் குடிலின் சுவரில் முதுகைச் சாய்க்காதீர்கள். உடம்பு பின்னே போக இடமில்லாவிட்டால் உதை முழுவதும் தோள் எலும்புக்குள் இறங்கும். கட்டை அமருமிடம் காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்ளே இருக்கும் பள்ளம். உள்ளாடைப் பட்டியின் கொக்கி அந்த இடத்தில் வந்தால் ஒரு பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் அச்சு தோலில் பதிந்துவிடும். காதுக்கு அடைப்பு கட்டாயம். 12 போரின் சத்தம் 150 டெசிபலுக்கு மேல், ஒரே சூட்டில் காது இரையத் தொடங்கும். தோட்டா அளந்துதான் கிடைக்கும் என்பதால், வெறும் துவக்கை, இருமுறை மடித்துத் தோட்டா இல்லை என்று பார்த்த பிறகு, இரண்டு வாரம் தினமும் இருபது தடவை தூக்கிப் பழகுங்கள். முதல் மூன்று தோட்டாக்கள் 25 மீற்றரில் சீமெந்துப் பைக் காகிதத்துக்கு. எங்கே சுடலாம் என்று பொலிஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அனுமதி விடயத்தில் ஒன்றே ஒன்று. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்குக் கொடுப்பது, துவக்கோடு சேர்ந்து கைமாறுவதில்லை. வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். கிராம உத்தியோகத்தரில் தொடங்கி மாவட்டச் செயலகம் வரை கடதாசி நடக்கட்டும். பன்றி பற்றி என்ன அனுமதி, இறைச்சியை என்ன செய்யலாம் என்பதை வனஜீவராசி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பொறுக்க முடியாமல் யாராவது கட்டுத்துவக்கு (தடக்கினால் தானே வெடிக்கும் பொறி) வைக்கவோ கம்பித் தடம் போடவோ வந்தால் தோட்டத்துக்குள் விடாதீர்கள். கட்டுத்துவக்குக்குப் பன்றி எது, விறகுக்குப் போன ஆள் எது என்று தெரியாது. நல்லதண்ணியில் 2020இல் செத்த கருஞ்சிறுத்தை அப்படியொரு தடத்தில்தான் சிக்கியது.

வெட்டியெடுத்த மரத்துண்டை எறிந்துவிடாதீர்கள். திருத்துநரிடம் சொல்லி அதிலிருந்து 5 மில்லிமீற்றர் தகடு இரண்டு அறுத்து வாங்கி வையுங்கள். பங்குனி, சித்திரையில் ஜாக்கெட் இல்லாமல் இருக்கும்போது கட்டை சற்றுக் குட்டையாகத் தெரிந்தால், றப்பருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றைச் செருகினால் போதும். அதற்கு நீளமான ஆணியும் சேர்த்து வாங்குங்கள்.